முட்டிக்குக் கீழே தலையணை வேண்டாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முழங்காலைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் செய்பவள் இல்லை, அது முடிந்த பிறகு கூட நின்று நடக்க வைப்பவள். என் பதில்களும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மாத்திரையை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

"வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. 95 டிகிரி வரை மடங்குகிறது என்று பிசியோ தம்பி பாராட்டினார். ஆனால் கால் முழுசாக நீள மறுக்கிறது. முட்டிக்குக் கீழே தலையணை வைத்தால்தான் தூக்கமே வருகிறது. 'மடக்குறதுதானே முக்கியம், நீட்டுறது தானா வரும், விடும்மா' என்கிறான் மகன். விட்டுவிடலாமா?"
— 66 வயது வாசகி

விடக் கூடாது அம்மா. மடக்குவது கொஞ்சம் தாமதமாக வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். நீட்டுவது வராமல் போனால் ஆயுசுக்கும் தொந்தரவு.

அந்தத் தலையணை ஏன் அவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? ஆபரேஷன் ஆன மூட்டுக்குள் நீரும் ரத்தமும் கோத்திருக்கும். முழங்கால் லேசாக, ஏறத்தாழ 30 டிகிரி மடங்கியிருக்கும்போதுதான் மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இடம் அதிகம். உள்ளே அழுத்தம் குறைகிறது, வலியும் குறைகிறது. அதனால் உடம்பு அந்த நிலையைத் தேடித் தேடிப் போகும். சிக்கல் என்னவென்றால், தழும்புத் திசு வளரும் காலமும் இதுதான். கால் எந்த நிலையில் அதிக நேரம் கிடக்கிறதோ, அந்த நிலைக்கேற்ப முழங்காலின் பின்பக்கம் இறுகிவிடும். இரவெல்லாம் மடக்கி வைத்துவிட்டுப் பகலில் பத்து நிமிடம் நீட்டினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சமதரையில் நடக்க முழங்கால் 60, 70 டிகிரி மடங்கினாலே போதும். படி ஏற 90 வாக்கில் வேண்டும். உங்களுக்கு 95 வந்துவிட்டது. ஆனால் நடக்கும்போது குதிகால் தரையில் படும் அந்த நொடியில் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிற்கும் ஒவ்வொரு கணமும் தொடையின் முன்தசை காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சீக்கிரம் களைத்துப்போவீர்கள், சாய்ந்து நடப்பீர்கள், ஆறு மாதம் கழித்து இடுப்பு வலி என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

இன்றிரவே அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். வீக்கம் இறங்கக் காலை உயர்த்த வேண்டுமென்றால், குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை தாங்கலாக வையுங்கள். முட்டிக்கு நேர் கீழே மட்டும் எதுவும் இருக்கக் கூடாது.

பகலில் செய்ய வேண்டியது இது. மல்லாந்து படுத்து, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலுக்கும் படுக்கைக்கும் நடுவே இப்போது இடைவெளி இருக்கும். காலைத் தளர்த்திவிட்டால் அதன் எடையே முழங்காலைக் கீழே இழுக்கும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி பத்து நிமிடம் வரை, நாளுக்கு நான்கைந்து தடவை. பின்பக்கம் இழுத்துக் கடுக்கும், கடுக்கட்டும்.

அதே நிலையில் இன்னொன்று. முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அமுக்குங்கள். சரியாகச் செய்தால் முழங்கால் சில்லு தொடைப் பக்கமாக மேலே நகர்வது கண்ணுக்கே தெரியும். ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். சில்லு அசையவே இல்லையென்றால் பயப்படாதீர்கள். மூட்டில் வீக்கம் இருக்கும்வரை அங்கிருந்து போகும் சமிக்ஞை தொடைத் தசையை அடக்கி வைத்துவிடும். தசை இருக்கிறது, ஃபியூஸ் போய்விட்டது, அவ்வளவுதான். ஆபரேஷன் ஆன காலைத் தூக்கவே முடியவில்லை, நரம்பு அறுந்துவிட்டதா என்று அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையைத் தொடைமேல் வைத்து அமுக்கச் சொன்னால் முதலில் ஒன்றும் தெரியாது. சில நாளில் விரலுக்கடியில் ஒரு சின்னத் துடிப்பு வரும். அது வந்துவிட்டால் மீதி வந்துவிடும்.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் வருகிற மாதிரி நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் ஐஸ், துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். நேராகத் தோலில் வைக்காதீர்கள். ஆபரேஷன் தழும்பைச் சுற்றி உணர்ச்சி மங்கியிருக்கும், தோல் வெந்துபோனாலும் தெரியாது.

இப்படி ஒழுங்காகச் செய்தும் இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து இறுக்கத்தை விடுவிக்கும் முறை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் மடங்காத முழங்காலுக்குத்தான் உதவும், அதுவும் முதல் சில மாதங்களுக்குள் செய்தால். நீளாத முழங்காலுக்கு அதை நம்பி உட்கார முடியாது. மகனிடம் இந்தப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

"எனக்கும் அதே ஆபரேஷன்தான், இரண்டரை மாதம் ஆகிறது. முட்டி இன்னும் சூடாக இருக்கிறது. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போயிருக்கிறது. நடக்கும்போது டக் டக் என்று சத்தம். ராத்திரி தூக்கம் இல்லை. ஆபரேஷன் தோல்வியா?"
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணம் ஐயா. முட்டி சூடும் லேசான வீக்கமும் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். வெளிப்பக்கம் மரத்துப்போவதற்குக் காரணம், முன்பக்கம் வெட்டும்போது தோலுக்குப் போகும் ஒரு சிறு நரம்புக்கிளை தப்ப முடியாது. நாளாக ஆக மரத்த இடம் சுருங்கும், சிலருக்கு ஒரு திட்டு மிஞ்சும். நடப்பதற்கு அதனால் இடைஞ்சல் இல்லை. டக் டக் என்பது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் சத்தம். வலியோடு சேர்ந்து வந்தால், அல்லது கால் திடீரென்று நழுவுகிற மாதிரி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தூக்கம்தான் எல்லோரையும் வாட்டும். இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். பகலில் வேலை, பேச்சு, நடை என்று கவனம் சிதறும். ராத்திரி வலியும் நீங்களும் மட்டும். மாலையில் கடும் பயிற்சி வேண்டாம், காலையிலேயே முடித்துவிடுங்கள். பக்கவாட்டில் படுத்தால் இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம். (ஆமாம், நடுவில்தான். மேலே உள்ள அம்மாவுக்குச் சொன்னதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

காத்திருக்கக் கூடாதவை வேறு. காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, குறைந்துகொண்டு வந்த வலியும் சிவப்பும் மறுபடி ஏறுவது, குளிர்காய்ச்சல். இவை வந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே நேராகப் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தால் எந்தக் கிருமி என்று தெரியும், மாத்திரையை முன்னாலேயே விழுங்கிவிட்டால் கிருமி சோதனையில் சிக்காமல் போகலாம். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும், அன்றே காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி என்றால் அது அவசர சிகிச்சைப் பிரிவு, ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியையும் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள், 'இது எத்தனை நாளைக்கு' என்று. 25 ஆண்டு கழித்தும் முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 10-க்கு 8 உழைத்துக்கொண்டிருக்கின்றன என்று 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நன்றாகச் செய்த ஆபரேஷனுக்குப் பிறகும் சிலருக்கு வலி மிஞ்சுவது உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர இரண்டரை மாதம் போதாது. ஒரு வருடம் வரை மூட்டு மாறிக்கொண்டே இருக்கும்.

"விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று பாட்டி திட்டுகிறார். உண்மையா?"
— கல்லூரி மாணவர்

இல்லை. மூட்டு நீருக்குள் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்து, மறு கையைச் சும்மா விட்டுவைத்து, இரண்டிலும் மூட்டுத் தேய்வு நோய் இல்லை என்று 1998-ல் எழுதினார். அதற்கு 2009-ல், சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே ஒருவரின் கையை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான், ஆனாலும் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு. பாட்டிக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்றால் அவர் எதிரில் எடுக்காதீர்கள், அதுதான் மருத்துவம்.

"வயது 54. எக்ஸ்ரேயில் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நடந்தால் மிச்சமும் தேயும் என்று நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். துளை போட்டு மூட்டைக் கழுவி விடலாம் என்று ஒருவர் சொல்கிறார். குளுக்கோசமின் சாப்பிடு, ஜவ்வு வளரும் என்கிறார் இன்னொருவர். ஊசி போட்டால் போதும் என்கிறார் மூன்றாமவர். யாரைக் கேட்பது?"
— அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்

முதலில் அந்த எக்ஸ்ரேயைக் கவரில் போட்டு மூடி வையுங்கள். படம் மோசமாக இருந்தும் படி ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தும் வலியில் துடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது, அதனால் தேய்கிற அதற்கே வலிக்காது. வலி வருவது சுற்றியுள்ள உறை, எலும்பு, தசைப்பிடிப்பு இவற்றிலிருந்து. ரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்கு உணவு எப்படிப் போகிறது? மூட்டு அழுந்தி விடுபடும்போது மூட்டு நீர் உள்ளே போய் வருகிறது. நடையை நிறுத்தினால் அதுவும் குறையும், தொடைத் தசையும் இளைக்கும், எடையும் ஏறும். நீங்கள் எடுத்த முடிவுதான் உங்கள் முட்டிக்கு எதிரி.

கழுவி விடுவதைப் பற்றி ஒரு கதை, நிஜக் கதை. அமெரிக்காவில் 180 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2002-ல் வெளியானது. சிலருக்கு மூட்டுக்குள் கருவி விட்டுக் கழுவினார்கள், சிலருக்குக் கழுவியதோடு உள்ளே செதுக்கியும் சீராக்கினார்கள். மீதிப்பேருக்கு? மயக்க மருந்து கொடுத்து, தோலில் மட்டும் கீறி, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்ததில் மூன்று கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. மூட்டு பூட்டிக்கொண்டு நகராமல் நிற்பது போன்ற சிக்கல்களில் துளை வழி சிகிச்சைக்கு இடம் உண்டு. வெறும் தேய்மானத்துக்கு அதைச் செய்துகொள்ளும் முன் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

குளுக்கோசமின் விஷயத்திலும் 2006-ல் வந்த பெரிய சோதனையில், மொத்தமாகப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிட்டுச் சொல்லும்படி நன்மை தெரியவில்லை. ஜவ்வு வளராது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், வீங்கிக் கொதிக்கும் மூட்டுக்கு அது நல்ல உதவி. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஆய்வில் குருத்தெலும்பு அதிகமாகத் தேய்ந்தது. மூட்டு மாற்றும் எண்ணம் இருந்தால், ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே மூன்று மாத இடைவெளியாவது விடச் சொல்வார்கள், தொற்று பயம்தான் காரணம்.

நான் சொல்வது சுவாரசியமில்லாத வைத்தியம். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். உட்காருவதில்தான் விஷயம் இருக்கிறது: தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்க வேண்டும். பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று முறை. நாற்காலி தாழ்வாக இருந்து வலித்தால் மேலே ஒரு மெத்தையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், வாரம் போகப்போக எடுத்துவிடலாம். நடை, வலிக்காத தூரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக. எவ்வளவு வலி பரவாயில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். பயிற்சியின்போது வரும் வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் சரி. இறங்கவில்லையா, அடுத்த நாள் அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

எடை கூடுதலாக இருந்தால், 1 கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை ஜெல்லாகத் தடவுவது முழங்காலுக்கு நன்றாகவே கேட்கும். அதே மருந்தை மாத்திரையாக மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றையும் பதம் பார்க்கும்.

"அம்மாவுக்கு 79 வயது. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. மறுநாளே எழுப்பி நிற்க வைத்தார்கள், அம்மா கதறிவிட்டார். இப்போது வீட்டுக்கு வந்தாயிற்று. 'என்னைப் படுக்க விடுடி' என்று கெஞ்சுகிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம் படுத்து ஓய்வெடுத்தால் என்ன?"
— மகள்

உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் படுக்க விடாதீர்கள்.

இந்த வயதில் இடுப்பு முறிவை ஒன்றிரண்டு நாளுக்குள் அவசரமாக ஆபரேஷன் செய்வதே சீக்கிரம் நிற்க வைக்கத்தான். உள்ளே வைத்த உலோகம் முதல் நாளே உடல் எடையைத் தாங்கும்படிதான் பெரும்பாலும் பொருத்துவார்கள். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், மனக்குழப்பம் வரும். தசை கரையும் வேகம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எடையை எவ்வளவு ஊன்றலாம் என்பதை மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து, இல்லாவிட்டால் போன் செய்து கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கெஞ்சுகிறவரிடம் "நட" என்று சொன்னால் நடக்க மாட்டார். வேலை சொல்லுங்கள். "ஜன்னல் பக்கம் வந்து உட்காரும்மா", "சாப்பாட்டு மேசைக்கு வா". சாப்பாடு எதுவும் படுக்கைக்குப் போகக் கூடாது, அதிலேயே நாளுக்கு மூன்று நடை வந்துவிடும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழ விடாதீர்கள், அது அப்படியே அவர்மேல் சாயும். இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி எழுந்து, நின்ற பிறகு ஒவ்வொரு கையாக வாக்கருக்கு மாற்ற வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால்.

முறிவை இணைத்தார்களா, பந்து மூட்டையே மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாற்றியிருந்தால் தாழ்வான இருக்கை, குனிந்து தரையிலிருந்து எடுப்பது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது இவற்றை முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தவிர்க்கச் சொல்வது வழக்கம். ஆபரேஷனில் எந்தப் பக்கமாக வெட்டி உள்ளே போனார்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும், அதனால் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை இருக்கையை உயர்த்த வேண்டியிருக்கும்.

அப்புறம், ஏன் விழுந்தார்? இதைக் கேட்காமல் விட்டால் அடுத்த இடுப்பும் முறியும். படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறதா, தூக்க மாத்திரை போடுகிறாரா, கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று, ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விளக்கு உண்டா? நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தாலே எலும்பு மெலிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எலும்பை உறுதியாக்கும் மருந்து தொடங்கினார்களா என்று அடுத்த தடவை போகும்போது நீங்களே கேளுங்கள்.

"வயது 37. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்கவில்லை. சீப்பைப் பிடிக்க முடியவில்லை. பத்துமணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. என்ன பயிற்சி செய்யலாம்?"
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பயிற்சி அப்புறம். முதலில் வாதநோய் நிபுணரிடம் போங்கள், இந்த வாரமே. தேய்மான மூட்டு காலையில் பிடித்துக்கொண்டாலும் பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். இரண்டு கையிலும் சிறு மூட்டுகள், மணிக்கணக்கில் இறுக்கம், இந்த வயது, இதெல்லாம் சேர்ந்தால் முடக்குவாதமா, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு கோணிப்போவதைப் பெருமளவு தடுக்கலாம். ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது என்று யாராவது திருப்பி அனுப்பினாலும் விடாதீர்கள், தொடக்கத்தில் சிலருக்கு அது சரியாகவே இருக்கும்.

மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதித் தந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நோய்க்கு அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

"இடது முழங்கால் வலி. கைத்தடி எந்தக் கையில்? படி ஏறும்போது எந்தக் கால் முதலில்?"
— அஞ்சலட்டையில் ஒற்றை வரி

வலது கையில். எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். நடக்கும்போது இடது காலோடு வலது கைதான் இயல்பாக முன்னே போகும். தடியும் இடது காலும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். உயரம் பார்க்க, செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில் இருக்கட்டும். தடியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்று மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்து மாற்றிவிடுங்கள்.